சுவரில் தொங்கும் பெட்டி யாருடையது?

வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க வரும் ஊழியரின் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மின்கம்பத்திலிருந்து இழுத்துவந்த கறுப்பு ஒயரை ஜன்னல் ஓரமாக உள்ளே விடுகிறார். மேலுறையைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி இழையை ஸ்பிளைசர் மெஷினில் வைத்து ஒட்டுகிறார். வெள்ளைப் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டுகிறார். ‘பான்’ என்று எழுதியிருக்கும் விளக்கு பச்சையாக நின்றால் வேலை முடிந்தது; ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக மின்னினால் மறுபடியும் ஒட்ட வேண்டும். பிறகு வைஃபைக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. வீட்டுக்காரரின் ஃபோனில் யூடியூப் ஓடியதும் அவர் அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிடுகிறார். அந்தப் பெட்டியின் அமைப்புகளை மாற்றுவதற்கான நிர்வாகி பாஸ்வேர்டு மட்டும் பல வீடுகளில் கடைசிவரை வீட்டுக்காரருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

அந்தப் பெட்டி ஒரு முழுக் கணினி. செயலி உண்டு, நினைவகம் உண்டு, உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். வீட்டிலுள்ள ஃபோன், டிவி, லேப்டாப், கண்காணிப்பு கேமரா என எல்லாவற்றின் தரவும் அதைக் கடந்துதான் போகிறது, வருகிறது. ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால் அதன் முகவரியை யாரிடம் கேட்பது என்பதையும் அதுவே முடிவுசெய்கிறது. மாத வாடகை கட்டுபவர் ஒருவர்; பெட்டியின் சாவி இருப்பது இன்னொருவர் கையில். கணினியையும் நெட்வொர்க்கையும் ஆசைக்காக நோண்டிப் பார்க்கிற கூட்டம் ஒன்று எல்லா ஊர்களிலும் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவின் கடைகளில் அவர்களை எந்த நாளும் பார்க்கலாம். அந்தச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய கோரிக்கை. வேலை, படிப்பு, வங்கிக் கணக்கு, மருத்துவ ஆலோசனை எல்லாம் இந்தப் பெட்டி வழியாக நடக்கும் காலத்தில், அது ஒரு சிறு கூட்டத்தின் கோரிக்கையாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

சாவி திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சரித்திரம் இருக்கிறது. லிங்க்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை மறு ஆண்டே நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸைத் தன் பொருளில் வைத்து விற்பவர் அதன் மூல நிரலையும் தர வேண்டும் என்பது ஜிபிஎல் உரிமத்தின் விதி. கேள்விகள் வலுத்தன, 2003-லேயே நிரல் வெளியானது. அதன் மேல் 2004-இல் எழுந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள். வீட்டு ரவுட்டரை அதன் உரிமையாளர் விரும்பியபடி மாற்றி அமைக்க முடியும் என்ற நிலை அன்றிலிருந்து வந்தது. 2005-இல் நிறுவனம் புதிய பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு நினைவகத்தையும் குறைத்தது. ஆனாலும் பழைய அமைப்புக்கு ஆள் இருந்ததால், அதை டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக விற்க வேண்டிவந்தது.

இதெல்லாம் எங்கேயோ அமெரிக்காவில் நடந்த கதையோடு நின்றுவிடவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005-இல் அனுமதித்தது. அந்த ஆண்டே இமயமலை அடிவாரத்தில் தரம்சாலாவில் ஏர்ஜல்தி என்ற சமூக வலைப்பின்னல், மாற்றி அமைக்கப்பட்ட வைஃபை ரவுட்டர்களைக் கூரைகளில் நிறுத்தி, பள்ளிகளையும் அலுவலகங்களையும் இணைத்தது. நம் தேனியிலோ அதைவிட அரிய காரியம் நடந்தது. அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் பார்வை மையங்களோடு இணைக்க, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று நெடுந்தூர வைஃபை இணைப்புகளை அமைத்தது. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியாகப் பார்த்துப் பேசினார்.

இதில் தொழில்நுட்பத்தின் முடிச்சு எங்கே என்பதைப் பார்த்தால்தான் சாவியின் அருமை புரியும். வைஃபை என்பது ஒரு வீட்டுக்குள், ஓர் அலுவலகத்துக்குள் புழங்குவதற்காக உருவானது. ஒரு தரவுப் பொட்டலத்தை அனுப்பிவிட்டு, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்காகச் சில மைக்ரோ விநாடிகள் மட்டுமே காத்திருக்கும். பதில் வராவிட்டால் தொலைந்தது என்று எண்ணி மறுபடி அனுப்பும். ஒளியின் வேகத்திலேயே போனாலும் 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப 67 மைக்ரோ விநாடி ஆகிறது. ஆக, ஆன்டெனா எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தொழிற்சாலை மென்பொருளோடு அந்தத் தூரத்தில் இணைப்பு தடுமாறும். ஆய்வாளர்கள் செய்தது, காத்திருக்கும் நேரத்தையும் இரு முனைகளும் மாறி மாறிப் பேசும் முறையையும் மென்பொருளில் மாற்றியதுதான். மென்பொருள் பூட்டியிருந்தால் தேனி இணைப்பே இல்லை. வெனிசுவேலாவில் 2006-இல் எர்மான்னோ பியத்ரோசெமோலி என்பவர், ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றிய அதே லிங்க்சிஸ் ரவுட்டர்களை வைத்து 279 கிலோமீட்டர் தூரம் இணைத்துக் காட்டினார்.

பூட்டிய பெட்டியால் வந்த கேடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரேசிலில் லட்சக்கணக்கான வீட்டு மோடம்கள் ஊடுருவப்பட்டு, வங்கியின் பெயரைத் தட்டியவர்கள் போலித் தளங்களுக்குத் திருப்பிவிடப்பட்டது 2012-இல் வெளியே தெரிந்தது. மோடத்தின் மென்பொருளில் ஒரு குறை, அதைத் திருத்த யாரும் இல்லை. மிராய் என்ற தீநிரல் 2016-இல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப் பிடித்தது, ‘அட்மின்’ போன்ற தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகள் சில டஜனை வரிசையாகப் போட்டுப் பார்த்தே. அந்த நவம்பரில் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு தடைபட்டது. தாக்குதல் வந்த வாசல் 7547 என்ற எண்ணுள்ள போர்ட். நிறுவனங்கள் தொலைவிலிருந்து ரவுட்டரைப் பராமரிக்கப் பயன்படுத்தும் வாசல் அது. இந்தியாவிலும் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் மோடம்கள் ஒரு தீநிரலால் முடங்கின. தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது அந்த நிறுவனம்.

‘பாதுகாப்புக்காகத்தான் பூட்டி வைத்திருக்கிறோம்’ என்ற விளக்கத்தை இந்தச் சம்பவங்களோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். பூட்டியவர் உள்ளே இருக்கும் மென்பொருளைத் தவறாமல் புதுப்பித்தால் அந்த வாதத்தில் பொருள் உண்டு. தயாரித்த ஆண்டின் மென்பொருளோடு ஏழெட்டு வருடம் சுவரில் தொங்கும் பெட்டிகளுக்கு அது பொருந்தாது.

கம்பியின் முனையில் எதை மாட்டலாம் என்ற வழக்கு ரவுட்டருக்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம், தான் தந்த தொலைபேசியைத் தவிர வேறெதையும் தன் கம்பியோடு இணைக்கக் கூடாது என்று வைத்திருந்தது. டெக்சஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், தொலைபேசியை ரேடியோவோடு சேர்க்கும் கார்ட்டர்ஃபோன் என்ற கருவியை விற்றார். எண்ணெய் வயல்களில், பண்ணைகளில் இருப்பவர்களுக்கு அது தேவையாக இருந்தது. நிறுவனம் எதிர்த்தது, கார்ட்டர் வழக்காடினார். வலைப்பின்னலுக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் இணைக்கலாம் என்று 1968-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் தீர்ப்பளித்தது. பதிலளிக்கும் இயந்திரம், ஃபேக்ஸ், வீட்டு மோடம் எல்லாம் பெருகியது அந்தத் தீர்ப்பு திறந்துவிட்ட வழியில்தான்.

அதே கொள்கையை இன்றைய ரவுட்டருக்குச் சட்டமாக எழுதிய நாடு ஜெர்மனி. அங்கே 2016 ஆகஸ்ட் 1 முதல், நிறுவனத்தின் வலைப்பின்னல் சுவரிலுள்ள இணைப்புமுனையோடு முடிகிறது. அதற்கு இந்தப் பக்கம் எந்தப் பெட்டியை மாட்டுவது என்பது வீட்டுக்காரரின் முடிவு. இணைப்புக்குத் தேவையான விவரங்களைக் கேட்காமலேயே அவருக்குக் கொடுத்தாக வேண்டும். ஃபைபருக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்டன. ஒழுங்குமுறை ஆணையம் 2025-இல் அதை மறுத்துவிட்டது.

நிறுவனங்களின் தரப்பில் ஒரு வாதம் உண்மையிலேயே கனமானது. நம் வீடுகளுக்கு வரும் ஜிபான் முறையில், ஓர் இழை தெருவில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. ஒவ்வொரு பெட்டியும் தனக்கு ஒதுக்கிய கணத்தில் மட்டும் ஒளியை அனுப்ப வேண்டும். ஒரு வீட்டுப் பெட்டி கெட்டுப்போய், இடைவிடாமல் ஒளியை உமிழ்ந்தால், அந்த இழையில் இருக்கும் அத்தனை வீடுகளுக்கும் இணைப்புப் போய்விடும். எனவே சான்று பெற்ற ஒளிக் கருவியைத்தான் மாட்ட வேண்டும் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் ஒளியை மின் குறிகையாக மாற்றும் பகுதியோடு நின்றுவிடுகிறது. வைஃபை, முகவரி பங்கீடு, தடுப்புச் சுவர், குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘பிரிட்ஜ் மோடு’ என்ற ஓர் அமைப்பு அநேகமாக எல்லாப் பெட்டிகளிலும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் நிறுவனத்தின் பெட்டி ஒளி மாற்றும் வேலையை மட்டும் பார்க்கும். மற்றதை வீட்டுக்காரர் வாங்கி மாட்டும் ரவுட்டர் கவனித்துக்கொள்ளும். ஜெர்மனி அளவுக்கு உடனே போக முடியாவிட்டாலும், கேட்டவருக்கு பிரிட்ஜ் மோடு தந்தே ஆக வேண்டும் என்ற விதி இந்தியாவில் வருவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. இப்போது அது வாடிக்கையாளர் சேவையில் யார் ஃபோனை எடுக்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

சொந்தப் பெட்டி கிடைத்தாலும் சொந்த முகவரி கிடைப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். பழைய ஐபிவி4 முறையில் மொத்தம் உள்ள முகவரிகள் சுமார் 430 கோடி. உலகப் பொதுக் களஞ்சியத்தின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்து கொடுக்கப்பட்டன. ஆசியாவுக்கான பதிவகம் அந்த ஏப்ரலிலேயே கடைசித் தொகுதியில் கைவைத்துவிட்டது. தாமதமாக இணையத்துக்கு வந்த நாடுகளுக்குப் பங்கு குறைவு. அதனால் நம் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. இந்த சிஜி-நாட் ஏற்பாடு ஒரு பெரிய அடுக்குமாடிக்கு ஒரே கதவு எண் கொடுத்ததற்கு ஒப்பானது: உள்ளிருந்து யாரும் வெளியே போகலாம், வெளியிலிருந்து வருபவருக்கு எந்த வீடு என்று தெரியாது. ஊரில் இருக்கும் அம்மாவின் வீட்டு வாசல் கேமராவைச் சென்னையில் இருக்கும் மகன் நேராகப் பார்க்க முடியாது. கேமரா தயாரித்தவரின் சர்வர் வழியாகச் சுற்றித்தான் பார்க்க வேண்டும். வாசலில் யார் வந்தார்கள் என்ற காட்சி வேறொரு நாட்டுக்குப் போய்த் திரும்பலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கும் முகவரி தெரிந்தால், அந்த வீடு இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறது என்று அறியலாம்.

தீர்வு 1998-லேயே எழுதி வைக்கப்பட்டது: ஐபிவி6. அதில் ஒரு வீட்டுக்கு வழக்கமாகத் தரும் மிகச் சிறிய தொகுதியிலேயே சுமார் 1.8 லட்சம் கோடி கோடி முகவரிகள். இந்தியா இதில் பின்தங்கிய நாடும் இல்லை. ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்று. 2016-இல் வந்த 4ஜி அலை அதற்கு முக்கியக் காரணம். ஆனால் அந்தப் பெருமை பெரும்பாலும் கைபேசியின் பெருமை. வீட்டு இணைப்புகளிலோ, சில உள்ளூர் நிறுவனங்கள் ஐபிவி6-ஐத் தருவதே இல்லை. தருகிற இடங்களிலும் பெட்டியின் தடுப்புச் சுவரில் ஒரு துவாரம் போட வீட்டுக்காரருக்கு அனுமதி இருக்காது. நிலையான ஐபிவி4 முகவரிக்குக் கூடுதல் கட்டணம் கேட்பதில் தவறில்லை, அது உண்மையில் அரிதான பொருள். ஐபிவி6 முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை.

முகவரி எதற்கு என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டுப் பரணைப் பார்க்கலாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் 50 லட்சத்துக்கும் மேல். அவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. படித்த பிள்ளை வேலைக்குப் போய்விட்டாலும் அந்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. போதாததற்கு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ அலுவலகக் கணினிகள், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லை என்பதற்காக ஓரங்கட்டப்படுகின்றன. இவற்றில் ஒன்றில் லினக்ஸைப் போட்டு, புதிய ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டினால், குடும்பப் படங்கள் முழுவதையும் மாதச் சந்தா இல்லாமல் வைத்துக்கொள்ளும் வீட்டுச் சர்வர் தயார். தாத்தாவின் சதாபிஷேகப் படங்களும் பேத்தியின் முதல் பிறந்தநாள் வீடியோவும் வீட்டிலேயே இருக்கும்; வெளியூரில் இருப்பவர்கள் அங்கிருந்து எடுத்துப் பார்க்கலாம். வன்பொருள் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. இணைப்புதான் இடம் கொடுப்பதில்லை.

வீட்டுக்குள் செய்ய வேண்டிய சில காரியங்களும் பாக்கி இருக்கின்றன. மாதம் 300 எம்பிபிஎஸ் வேகத்துக்குப் பணம் கட்டுபவர், கேபிளில் மாட்டிய கணினியில் வேகச் சோதனை செய்யும்போது 94 என்ற எண் திரும்பத் திரும்ப வந்தால், நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் லேன் கேபிளைப் பார்ப்பது நல்லது. எட்டுக் கம்பிகளில் நான்கு மட்டும் சரியாக இணைந்திருந்தால் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். கழிவு போகக் கிடைப்பதுதான் அந்த 94. மலிவாகக் கிடைக்கும் ‘சிசிஏ’ கேபிள் இன்னொரு தொல்லை. வெளியே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினால் அது சூடாகும், முனைகள் ஒடியும். ரவுட்டரை வாசலருகே இரும்பு பீரோவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, உள்ளறையில் வைஃபை வரவில்லை என்று இரண்டாவது இணைப்பு எடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேவைப்பட்டது 15 மீட்டர் நல்ல செம்புக் கேபிள்.

கடைசியாக, பதிவேற்ற வேகம். இந்தியாவில் ‘பிராட்பேண்ட்’ என்றால் என்ன என்பதற்கு அரசு வரையறை உண்டு. 2004-இல் 256 கேபிபிஎஸ். 2013-இல் 512 கேபிபிஎஸ். 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ். இந்த 2 எம்பிபிஎஸ் பதிவிறக்கத்துக்கு மட்டும். வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. அமெரிக்க ஆணையம் 2024-இல் தன் வரையறையைப் பதிவிறக்கம் 100, பதிவேற்றம் 20 எம்பிபிஎஸ் என்று உயர்த்தியது. இரண்டும் எழுத்தில் இருக்கின்றன. பதிவேற்றத்தை விட்டுவிடுவது, வீடு என்பது வாங்கிக்கொள்ளும் இடம் மட்டுமே என்று முடிவுகட்டுவதாகும். வகுப்பெடுக்கும் ஆசிரியைக்கும், நாற்று வீடியோவை ஏற்றும் விவசாயிக்கும், வீட்டிலிருந்தபடி பெரிய வரைபடக் கோப்புகளை அனுப்பும் கட்டடப் பொறியாளருக்கும் வெளியே போகும் பாதைதான் பிழைப்பு. இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் பெரிய நிறுவனங்கள் வர மறுத்தபோது, 2011-இல் ஊர் மக்கள் பி4ஆர்என் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். விவசாயிகள் தங்கள் வயல்களின் குறுக்கே இலவசமாகப் பாதை விட, தன்னார்வலர்கள் பள்ளம் தோண்டி ஃபைபர் பதித்தார்கள். அங்கே ஒரு வீட்டுக்குப் பதிவிறக்கமும் பதிவேற்றமும் விநாடிக்கு 1 ஜிகாபிட், இரண்டும் சமம். ஜிபான் முறையிலும் பொது இழையில் கீழே வருவது 2.5, மேலே போவது 1.25 ஜிகாபிட், பாதியாவது இருக்கிறது. நூறுக்குப் பத்து என்று சில திட்டங்கள் பதிவேற்றத்தை நறுக்குவது கண்ணாடி இழையின் இயலாமையால் அல்ல.

வரையறையை அடுத்த முறை திருத்தும்போது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் தொலைத்தொடர்புத் துறையும் பதிவேற்றத்துக்கு ஓர் எண்ணை எழுத வேண்டும். கேட்பவருக்கு பிரிட்ஜ் மோடும் நிர்வாகி பாஸ்வேர்டும், எல்லா வீடுகளுக்கும் கட்டணமில்லாத ஐபிவி6 தொகுதியும் இணைப்பின் அடிப்படை நிபந்தனைகளாக வேண்டும். டிராய் இப்படிப்பட்ட விஷயங்களில் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும்போது, யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம். இணையச் சமநிலை பற்றி 2015-இல் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்துக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றுவதைத் தடைசெய்யும் ஆணை வந்தது. அன்று எழுதியவர்களில் பெரும்பாலோர் நிறுவனங்கள் அல்ல, மாத வாடகை கட்டிக்கொண்டிருந்த சாதாரண வாடிக்கையாளர்கள்.